அவர் கையெழுத்துப் போடாத வரி

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். மற்றதெல்லாம் அப்புறம். பத்து வருஷத்துக்கு மேல் ஒரே ஷிப்ட் பஸ்ஸில், பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சுரங்கத்துக்குப் போய்வந்த மனிதர் அவர். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அவர் பெண்ணுக்குத் திரும்பவும் தொல்லை வரும். அவர் கிறிஸ்தவர், நான் முஸ்லிம். அவர் என்னை 'பாய்' என்பார், நான் அவரை 'அண்ணே' என்பேன். இவ்வளவு தெரிந்தால் போதும்.

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் அறுந்துபோனால் இரண்டு முனைகளையும் இழுத்துச் சேர்த்து, சூடு கொடுத்து ஒட்ட வேண்டும். அந்தக் குழுவில்தான் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை. பெல்ட் சூடேறி ஒட்டும்வரை செய்வதற்கு ஒன்றும் கிடையாது. புழுதியும் சத்தமுமாக உட்கார்ந்திருக்க வேண்டும். மற்றவர்கள் அந்த நேரத்தில் அரசியல் பேசுவார்கள், தூங்குவார்கள். நாங்கள் மதம் பேசுவோம். பேசுவோம் என்ன, சண்டை போடுவோம்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. யாரோடு வாதாடினாலும் சரி, முதலில் எதிராளியின் கட்சியை எதிராளியைவிட நன்றாக அவரே எடுத்துச் சொல்வார். "நீங்க சொல்ல வர்றது இதானே? சரியா சொன்னனா?" என்பார். நாம் "ஆமா" என்று ஒப்புக்கொள்ளும்வரை தன் பதிலை வாயைத் திறந்து சொல்ல மாட்டார். ஒரு வார்த்தை பிசகியிருக்கிறது என்று சொல்லிவிட்டால் போச்சு, திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். கேட்பவனுக்கு எப்படி இருக்கும்? நான் கோபத்தோடு சண்டைக்குப் போயிருப்பேன். என் கோபத்தையே பெருக்கித் துடைத்து மடித்து என் கையில் கொடுப்பார். சே, அதற்கு அப்புறம் எங்கே சண்டை போடுவது?

வீட்டிலும் அதே கதைதான். ஒருநாள் நான் அவர் குவார்ட்டர்ஸுக்குப் போனபோது அவர் மனைவி என்னிடம் நியாயம் கேட்டார். அந்த அம்மாவுக்கு விழுப்புரம் பக்கம் ஊர்.

"பாயண்ணே, நீங்களே கேளுங்க. கேஸ் சிலிண்டர் புக் பண்ண மறந்துட்டு வந்து நிக்கிறாரு. நான் பாட்டுக்குக் கத்திகினு இருக்கேன். முழுசா கேட்டுட்டு, 'நான் இந்த வூட்ட லாட்ஜுன்னு நெனச்சிகினு இருக்கேன், அதான உன் கோவம்? சரியா சொன்னனா?'ன்றாரு. கரண்டியாலயே ஒண்ணு வைக்கலாம்னு வருது."

அவர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். "லாட்ஜுன்னு நீ சொல்லல. சத்திரம்னு சொன்ன. நாந்தான் மாத்திட்டேன், தப்பு" என்றார். மனிதர் கேலி பண்ணவில்லை. நிஜமாகவே தன் தப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

எங்கள் வாதம் தொடங்கியது ஒரு காலை ஷிப்ட் பஸ்ஸில். அவருடைய சபையைச் சேர்ந்த ஒருத்தர் புதிதாக மாற்றலாகி வந்திருந்தார். பேச்சுவாக்கில் என்னைப் பார்த்து, "உங்களுக்குத்தான் இயேசுவே கிடையாதே பாய்" என்றார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் இவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"யாரு சொன்னா? தெரியாம பேசாதீங்க சார். ஈசா நபின்னு அவங்க சொல்றது யாரன்னு நெனச்சீங்க? மரியாள் கன்னியா இருந்து பெத்தான்னு அவங்களும் நம்புறாங்க. குருடனுக்குக் கண்ணு குடுத்தாரு, குஷ்டரோகியச் சுகமாக்குனாருன்னு நம்புறாங்க. அல்லா அவர வானத்துக்கு எடுத்துக்கிட்டான்னு நம்புறாங்க. தேவனோட குமாரன்னு ஒத்துக்க மாட்டாங்க. சிலுவையில செத்தார்னு ஒத்துக்க மாட்டாங்க. சரியா சொன்னனா பாய்?"

"கடைசி காலத்துல திரும்பி வருவாருன்றத விட்டுட்டீங்கண்ணே."

"அட ஆமா!" என்று நெற்றியில் தட்டிக்கொண்டு திரும்பவும் மரியாளிலிருந்து ஆரம்பித்துவிட்டார். சுரங்க வாசல் வரும்வரை அது ஓடியது. அந்தப் புது ஆள் மறுநாள் முன் சீட்டுக்குப் போய்விட்டார்.

எனக்கும் நாக்கு சும்மா இருக்கவில்லை. "சரிண்ணே, நீங்க மூணு சாமி கும்புடுறீங்களே, அது மட்டும் நியாயமா?" என்று கேட்டுவிட்டேன். வினை அங்கேதான் பிடித்தது.

"மூணு சாமின்னு எந்தக் கிறிஸ்தவன் உங்ககிட்ட சொன்னான்? பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. ஆள் மூணு, தேவன் ஒண்ணு."

"அது எப்படிண்ணே ஒண்ணாவும்?"

"ஆவுமா ஆவாதான்றத அப்புறம் பேசுவோம். நான் என்ன சொல்றேன்னு மொதல்ல திருப்பிச் சொல்லுங்க."

ஒரு வார ஷிப்ட் முழுக்க என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. "ஒரே தெய்வத்துக்கு மூணு பாகம்" என்றேன். "பாகம் போடறதுக்கு அதென்ன பலாப்பழமா?" என்றார். "ஒருத்தரே மூணு வேஷம் கட்டுறார்" என்றேன். "நாடகமா நடக்குது?" என்று கத்தினார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்கும் வந்ததே கோபம். நான் ஒப்புக்கொள்ளாத ஒன்றை நான் ஏனய்யா மனப்பாடம் பண்ண வேண்டும்? இறைவன் ஒருவன், அவன் யாரையும் பெறவில்லை, யாருக்கும் பிறக்கவுமில்லை. இதை நாங்கள் சின்னப் பிள்ளையிலிருந்து ஓதுகிறோம். இரண்டு நாள் நானும் முன் சீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் அவரே எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் நடக்காததுபோல் "எங்க விட்டோம்?" என்றார்.

ஒரே ஒரு முறைதான் அவர் என்னை அசைத்தார். பெல்ட் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். "பாய், தன்னோட தூதர அல்லா அவ்வளவு கேவலமா சாவ விடமாட்டான், காப்பாத்திட்டான். இதான உங்க பக்கத்து நியாயம்?" என்றார். ஆமாம் என்றேன். "அதுல ஒரு மரியாதை இருக்கு. அது எனக்குப் புரியுது. ஆனா என் தம்பி ஆஸ்பத்திரியில பதினோரு நாள் துடிச்சு செத்தான். யாரும் வந்து காப்பாத்தல. அந்த மாதிரி ஒரு சாவ எங்க ஆண்டவரும் செத்தாருன்னாதான் என்னால ஜெபம் பண்ண முடியும். காப்பாத்தப்பட்டவருகிட்ட நான் என்னன்னு போய் அழுவேன்?" அதற்கு எங்கள் பக்கத்தில் பதில் இருக்கிறது. அந்த இடத்தில், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அதைச் சொல்ல எனக்கு வரவில்லை.

எல்லார் கைக்கும் வாட்ஸ்அப் வந்து சேர்ந்த வருஷங்கள் அவை. எங்கள் பஸ் வாதம் எப்படியோ ஊரெல்லாம் தெரிந்துபோய், பள்ளிவாசல் ஆட்கள் கொஞ்சப் பேரும் அவர் சபை ஆட்கள் கொஞ்சப் பேரும் சேர்ந்து ஒரு கலந்துரையாடல் ஏற்பாடு பண்ணினார்கள். குள்ளஞ்சாவடி போகும் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். 'இயேசு சிலுவையில் மரித்தாரா?' என்று தலைப்பு. பேச்சாளர்கள் அவரும் நானும். எங்கள் பக்கம் வீடியோ எடுத்தது என் மச்சினன், மெயின் பஜாரில் செல்போன் கடை வைத்திருப்பவன்.

அவருக்கு அரைமணி நேரம் கொடுத்திருந்தார்கள். அதில் பாதியை எங்கள் கட்சியைச் சொல்வதற்கே செலவழித்தார். மரியம் ஊரைவிட்டு ஒதுங்கிப் போய், ஒற்றை ஆளாக, பேரீச்ச மரத்தடியில் பிரசவ வலியில், இதற்கு முன்னாடியே செத்திருக்கக்கூடாதா என்று அழுததை அவர் சொன்னபோது திரைக்குப் பின்னால் எங்கள் பெண்கள் விசும்பினார்கள். எங்கள் ஆட்கள் "மாஷா அல்லாஹ்" என்றார்கள். அவர் ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சொல்லி முடித்துவிட்டு மேடையிலேயே என் பக்கம் திரும்பி, "சரியா சொன்னனா பாய்?" என்றார். "சரிண்ணே" என்றேன். அதற்கப்புறம்தான் தன் பக்கத்தைப் பேசினார்.

என் முறை வந்தது. மச்சினன் காதருகே குனிந்து, "மச்சான், அவரு பாணியில நீங்களும் ஆரம்பிச்சிடாதீங்க. அவங்க கேஸ நாம எதுக்குப் பேசணும்?" என்றான். எனக்கும் அது சரியென்றே பட்டது. எழுந்து நேராக அடிக்க ஆரம்பித்தேன். கைதட்டல் பலமாக இருந்தது. நான் அவர் பக்கத்தை எப்போது சொல்லப்போகிறேன் என்று அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடைசிவரை சொல்லவில்லை.

நாலாம் நாள் மச்சினன் கடைக்குக் கூப்பிட்டு போனைக் காட்டினான். மூன்று நிமிஷ வீடியோ. "பாய் தரப்புல சொல்றத மொதல்ல சொல்லிடறேன்" என்று அவர் ஆரம்பித்ததையும், "சரியா சொன்னனா?" என்று முடித்ததையும் வெட்டிவிட்டிருந்தான். நடுவில் மிச்சம் இருந்தது, அவர் முகம், அவர் குரல்: ஈசா இறைவனின் மகன் இல்லை, சிலுவையில் சாகவும் இல்லை, இறைவன் ஒருவனே. மேலே 'உண்மையை ஒப்புக்கொண்ட கிறிஸ்தவச் சகோதரர்' என்று எழுத்து.

"போடலாமா மச்சான்?"

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். "போடு" என்றேன். அதோடு நிற்கவில்லை. என் போனுக்கு வாங்கி, எங்கள் ஷிப்ட் குரூப்பில் நானே முதலில் போட்டேன். எங்கள் பஸ்ஸில் அத்தனை பேருக்கும் அவர் பழக்கம் தெரியும். பார்த்தவன் எவனும் சிரிப்பானே தவிர நம்ப மாட்டான் என்று நினைத்தேன். ஷிப்ட் பஸ்தான் உலகம் என்று நினைத்துவிட்ட மடையன் நான்.

அது எங்கெங்கோ சுற்றி திருநெல்வேலிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கேதான் அவர் பெண்ணுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். பெண் என்ஜினியரிங் முடித்தவள். இரண்டு பேருக்கும் ஏற்கனவே பழக்கம், மனசுக்குப் பிடித்து, பெரியவர்களும் ஒப்புக்கொண்ட சம்பந்தம். அவர்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு சர்ச்சில் கல்யாண அறிவிப்பு வாசிக்க வேண்டும். முதல் ஞாயிறு வாசிக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா இங்கே சபைக் கமிட்டிக்கு போன் பண்ணி, அந்த ஆள் கிறிஸ்தவனா இல்லையா என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தார்.

கமிட்டி ஒரு கடிதம் தயார் பண்ணியது. மூன்றே வரி. இயேசு தேவகுமாரன் என்று விசுவாசிக்கிறேன். அவர் சிலுவையில் மரித்து உயிர்த்தார் என்று விசுவாசிக்கிறேன். இந்த இரண்டு வரிக்கும் அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். மூன்றாவது வரியில் நிறுத்திவிட்டார். 'இஸ்லாமியர் நம் ஆண்டவரையும் அவர் தாயையும் இழிவாகப் பேசுகிறவர்கள்' என்று இருந்தது.

"அப்படி அவங்க பேசறது இல்லையே" என்றாராம். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அவர் மனைவி எனக்கு போன் பண்ணி அழுதார். "நீங்க சொன்னா கேப்பாரு, வாங்க பாயண்ணே." நான்தான் அதை முதலில் போட்டவன் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. முதல் ஷிப்ட் முடித்து, உடம்பில் கரிப்புழுதியோடு நேராகப் போனேன். பின்பக்கத் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். போன வேகத்தில் கத்தினேன்.

"போடுங்கண்ணே கையெழுத்த! முஸ்லிம் நானே சொல்றேன். எங்களப் பத்தி என்னா வேணா எழுதிக்கோங்க. எங்களுக்கு ஒண்ணும் கொறஞ்சு போயிடாது."

"மரியாள நீங்க இழிவா பேசுவீங்களா பாய்?"

"பேச மாட்டேன்."

"உங்க வூட்டம்மா?"

"மாட்டா. அதுக்கென்னண்ணே இப்ப? இது காகிதம்!"

"நீங்க சொல்றது தப்புன்னு பத்து பக்கம் கேட்டாலும் எழுதித் தரேன். நீங்க சொல்லாதத சொன்னீங்கன்னு என்னால எழுத முடியாது."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சட்டையைப் பிடித்து உலுக்கலாமா என்றிருந்தது. யாருக்காக ஐயா இந்தப் பிடிவாதம்? எங்களுக்காகவா? நாங்கள் கேட்டோமா? உங்களைக் காட்டிக்கொடுத்தது நாங்கள்தானே! இதைச் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இல்லை.

அதற்குள் அந்தப் பெண் வெளியே வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஒரு வரிப்பா. பாயங்கிளே போடச் சொல்றாங்க. உங்களுக்கு என்னப்பா?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீயும் அந்தத் தம்பியும் ரெண்டு வருஷமா ஒருத்தர ஒருத்தர் நம்பி இருக்கீங்க. நான் எவனுக்காகவோ என் சொந்தப் பொண்ணு வாழ்க்கையில மண்ணப் போடறேன். அதானம்மா? சரியா..."

"சரியாத்தான் சொல்றீங்க!" என்று அவள் கத்திய கத்தில் அக்கம்பக்கத்துக் கதவெல்லாம் திறந்தது. "சரியா சொல்றதுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல! சரியா சொல்லிட்டு என்னப்பா பண்ணப் போறீங்க?"

அவர் சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்து, இன்னொரு மடிப்பு மடித்துத் திரும்பவும் வைத்துக்கொண்டார்.

அங்கிருந்து கிளம்பி நான் போகாத இடமில்லை. கமிட்டிச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். அவரும் எங்கள் சுரங்கத்து ஆள்தான். வெட்டாத வீடியோவை முழுசாகப் போட்டுக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டு, "எங்களுக்கும் தெரியும் பாய், அவரு மாறலன்னு" என்றார்.

"தெரிஞ்சுமா இந்த வரிய எழுதச் சொல்றீங்க?"

"சம்பந்தி வூட்டுக்குக் காட்டணும் பாய். கொஞ்சம் காரமா இருந்தாதான நம்புவாங்க?"

அடப் பாவிகளா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே எழுந்து வந்தேன். நேரே மச்சினன் கடை. முழு வீடியோவையும் எல்லா இடத்திலும் போடச் சொன்னேன். "முழுசா போட்டா அவரு தன் கட்சியப் பேசுன மிச்சமும் வருமே மச்சான்" என்றான். அவன் சொன்னதைக் கேட்டு அறைந்திருக்க வேண்டும். 'போடு' என்று சொன்ன வாய் என்னுடையது. எந்தக் கையால் அறைவது? நானே ஷிப்ட் குரூப்பில் முழு வீடியோவைப் போட்டேன். இரண்டு மணி நேர வீடியோவை எவன் பார்ப்பான்?

இரண்டாம் ஞாயிறும் வாசிக்கவில்லை. திருநெல்வேலிக்காரர்கள் பரிசம் போட்ட சேலையைத் திருப்பி அனுப்பச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். அந்தப் பையன் அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பெண் சென்னையில் வேலை தேடிக்கொண்டு போனாள். அம்மாவோடு மட்டும்தான் போனில் பேச்சு. கிறிஸ்துமஸுக்குக்கூட வரவில்லை. அந்த வருஷமும் அவர்கள் வீட்டிலிருந்து எங்களுக்குக் கேக் வந்தது. என் மனைவி வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். என்னால் தொட முடியவில்லை.

பஸ்ஸில் பழையபடி என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். அந்த வீடியோவைப் பற்றி ஒரு நாள்கூட ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று தினமும் தயார் பண்ணிக்கொண்டு பஸ் ஏறுவேன். 'விளையாட்டா போட்டேண்ணே. எல்லாருக்கும் உங்களத் தெரியுமேன்னு போட்டேண்ணே.' அவர் கேட்கவே இல்லை. ஒரு வருஷம் இப்படிப் போனது. எனக்குத்தான் பைத்தியம் பிடித்துவிடும்போல் ஆகிவிட்டது. வார விடுமுறை நாள் ஒன்றில், சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு நானே அவர் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணே, நம்ம குரூப்புல அத மொதல்ல போட்டது நான்தான்."

"தெரியும் பாய். உங்க நம்பர்லேர்ந்துதான எனக்கே வந்துச்சு."

"அப்புறம் ஏண்ணே ஒரு வார்த்த கேக்கல? நாலு வார்த்த திட்டியிருக்கலாமில்ல?"

"நீங்க என்ன நெனச்சு அனுப்புனீங்கன்னு எனக்குத் தெரியாது. அது தெரியாம எப்படித் திட்டுறது?"

"இப்பக் கேளுங்க."

"சொல்லுங்க."

ஒரு வருஷமாகத் தயார் பண்ணி வைத்திருந்ததெல்லாம் அந்த முகத்துக்கு முன்னால் வாயில் வரவில்லை.

"மேடையில உங்கள என்னால ஜெயிக்க முடியலண்ணே. எல்லாரும் கைதட்டுனாங்க, ஆனா ஜெயிக்கலன்னு எனக்குத் தெரியும். அந்த வீடியோவுல நீங்க தோத்த மாதிரி இருந்துச்சு. பாக்க சந்தோஷமா இருந்துச்சு. அதான் அனுப்புனேன்."

அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். "டீ ஆறுது, குடிங்க பாய்" என்றார். குடித்தேன். டம்ளரைக் கீழே வைத்ததும், குரலை உயர்த்தாமல், சாதாரணமாகச் சொன்னார்.

"பாய், இனிமே இந்த வூட்டுக்கு வராதீங்க."

எழுந்து வந்துவிட்டேன். மறுவருஷம் அவர் ரிட்டயராகி ஊரைவிட்டே போனார். அவ்வளவு பெரிய விஷயத்தில் அந்த மனிதர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.